மருந்துச் சீட்டின் பின்பக்கம்

தூக்கத்துக்கு அரை மாத்திரை எழுதிவிட்டு
சீட்டைத் திருப்பினார் டாக்டர் ஃபர்ஹானா.
"இந்தப் பக்கம் நீங்கள் எழுதுங்கள்.
தினம் ஒன்று. நன்றாயிருந்தது எதுவோ, அது."
சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

திங்கள்: ஒன்றுமில்லை.
செவ்வாய்: ஒன்றுமில்லை. கரண்ட் வேறு போனது.
புதன்: பெருங்குடியில் ஏறியதும் உட்கார இடம்.
(இது அழகில் சேர்த்தியா தெரியவில்லை.
எழுதி வைத்தேன்.)

வியாழனன்று கோட்டூர்புரம் தாண்டி
ரயில் ஆற்றின் மேல் போகையில்
வழக்கம்போல் மூக்கைப் பொத்தினேன்.
பொத்திய கைக்கு மேலே
கண் சும்மாதான் இருந்தது,
வேறு வேலையில்லாமல் பார்த்தது:
கறுத்த நீரில் மிதக்கும் தெர்மோகோல் துண்டில்
ஒரு வெள்ளைக் கொக்கு, ஒற்றைக் காலில்,
சொந்த வீட்டு மொட்டைமாடியில் நிற்பதுபோல.
பதினோரு வருடமாக இதே பாலம்.
நான் குனிந்து
யார் யாருக்கோ கட்டைவிரல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்றும் கொட்டிவிடவில்லை.
இரண்டு நாள் எழுதவே மறந்தேன்.
ஞாயிறு, தண்ணீர் லாரி வரிசையில்,
குழாய் ஒழுகிய இடத்தில்
மூன்றாம் மாடி தேவநேசனின் பையன்
கால் நனைத்துக்கொண்டிருந்தான்,
விரல் விரலாக, அவசரமேயில்லாமல்.
என் குடம் வழிந்ததை நான் பார்க்கவில்லை.
பின்னால் நின்றவள் திட்டினாள்.
அந்தத் திட்டையும் எழுதிக்கொண்டேன்.
நல்ல தாளக்கட்டு.

போன மாதம் ஆபீஸில் எட்டுப் பேரை அனுப்பினார்கள்.
ஜெசிந்தாவும் அதில்.
அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
"அத்தோ சாப்பிடலாம், வா" என்றாள்.
பர்மா பஜாரில், ஹாரன்களுக்கு நடுவே,
தட்டில் தட்டையை நொறுக்கினாள்.
"இந்தச் சத்தத்தைக் கேளேன்" என்றாள்.
கேட்டேன்.
இன்னொன்றை நொறுக்கினாள். அதையும் கேட்டோம்.
வாழைத்தண்டு சூப் மூக்கில் ஏறி
இருவருக்கும் கண் கலங்கியது.
சூப்தான் என்று சொல்லிக்கொண்டோம்.
அன்றைக்கு என்ன எழுத?
"தட்டை" என்று மட்டும் எழுதினேன்.

சீட்டில் இடம் தீர்ந்துவிட்டது.
மாத்திரை இன்னும் அரைதான்,
குறையவுமில்லை, கூடவுமில்லை.
ஆற்றின் நாற்றம் நாற்றமேதான்,
மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.
கண்ணை மட்டும் வேலைக்கு அனுப்புகிறேன்.

இன்று கொக்கு இல்லை.
தெர்மோகோல் இருந்தது,
கொஞ்சம் வெயிலோடு.