இரண்டாம் முபீஸ்

தெருவிளக்கு ஓட்டிடுக்கால் ஒழுகும் வீடு இது.
மருதமுனையில் கரண்ட் போனால்தான்
எங்களுக்கு வேலை.

வானிலிருந்து படமெடுக்கும் அகலச் சுருளை
கும்மிருட்டில், நகத்தால் அளந்து,
பாவு அறுக்கும் பிளேடால் கீறித் தந்தவன் முபீஸ்.
ஒரு நூல் கூடினாலும்
அந்தக் கிழட்டுக் கமராவின் வாய் கொள்ளாது.

நேற்று அது கடற்கரையில்
மெல்லத் தலைதிருப்பி
கரை முழுவதையும் ஒரு கீறலால் குடித்தது.
இடக்கோடியில் நின்ற முபீஸ்
அதன் முதுகுப்புறமாய் ஓடி
வலக்கோடியிலும் போய் நின்றான்.

இன்று, மீன்வாடி ஐஸால் குளிர்த்திய மருந்து.
இரு முனையும் என் கைகளில்.
இடம் ஏற வலம் இறங்க,
வலம் ஏற இடம் இறங்க,
நாலடிப் படம் நனைந்து நனைந்து போக
அவன் எண்ணினான்.

நானூற்றுப் பன்னிரண்டில்
கரண்ட் வந்தது.
பல்ப் சுவிட்சை ஒருவரும் அணைத்திருக்கவில்லை.

ஹைப்போ கழுவிப் பார்த்தால்
கடல், தோணி, பள்ளி மினாரா எல்லாம் ஒரே தார்.
என் முழங்கை மறைத்த ஒரு சாணில் மட்டும்
சாரனைத் தூக்கிப் பிடித்தபடி
கறுத்த பல் காட்டும் இரண்டாம் முபீஸ்.

"நான் ஓடினத இனி ஆரு நம்புவா?"

மூச்சு வாங்குதே, பார், என்றேன்.
சுருளில் இன்னும் ஆறடி கிடக்கிறது.