ஒரு எழுத்து

இசிப்பிங்கோ. நாலாம் தொட்டி.
கரும்புப் பாகு புளிக்கும் வாடை
என் கோட்டுக் கையில், காரில், தலையணையில்.

பிரிட்டோரியாவில் வழக்கு.
அவர்கள் பாக்டீரியாவாம்.
இல்லை, மரபணுவில் ஒரு எழுத்து வேறு
என்கிறது எங்கள் கம்பெனி.

"திருடிவிட்டு மாற்றினீர்களா,
தானாக மாறியதா?"
கூண்டில் நான்:
விலோஷ்னி பெர்மால், நொதிப்புப் பிரிவு, இரவு ஷிப்ட்.

தேநீர் இடைவேளைக்குள்
அது ஒருமுறை பிரிந்திருக்கும்.
எந்தத் தலைமுறையைக் கேட்கிறார் இவர்?

கப்பல் ஏட்டில் எவனோ ஒருவன்
பெருமாளைப் பெர்மால் ஆக்கினான்.
யாரும் காப்புரிமை கேட்கவில்லை.
இதையெல்லாம் அங்கே சொல்ல முடியுமா?
"தெரியாது" என்றேன். பதிந்துகொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை தடையுத்தரவு.
நீராவி வால்வைத் திறந்தது நான்தான்.
நூற்று இருபத்தொன்று டிகிரி, அரை மணி நேரம்.
நுரை அடங்கியது.

படிவத்தில் ஒரு கட்டம்:
அழிக்கப்பட்டவற்றின் எண்ணிக்கை.
"இத்தனை பூஜ்யத்துக்கு இடம் ஏது?"
முலுங்கிசி சிரித்தான்.
நான் ஒரு கோடு போட்டுக்
கையெழுத்திட்டேன்.

வீட்டில்
கோட்டைத் துவைக்கப் போட்டு,
தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும்
வெளியே எடுத்துவிட்டேன்.
கதவுக்குப் பின்னால் தொங்குகிறது,
இன்னும் அதே வாடையோடு.