முதுகில் ஒட்டிய பெயர்

உருஷிஹாரா என்ற முழுப் பெயர்
ஜெர்சியில் அடங்கவில்லை.
போலந்தின் வடகிழக்கு மூலையில்
உடுப்பறைக்காரர் ஸ்பிக்னியெவ்
இஸ்திரிப் பெட்டியும் கையுமாய்
தோளைக் குலுக்கினார்.
"ஊரு" போதும் என்றார்.

நான்கு பருவம்
ஊரு, ஊரு என்று
இரண்டாயிரம் தொண்டைகள், மைனஸ் ஒன்பதில்.
ஆடுகளத்தில் நுழையுமுன்
கோட்டருகே நின்று குனிவான்.
முதல் மாதம் கேலியாய்ச் சிரித்தார்கள்.
பிறகு, எப்போது குனிவான் சிரிக்கலாம் என்று
காத்திருந்தார்கள்.

மொத்தம் பதினேழு கோல்.
அதில் ஒன்று கையில் பட்டது.
நடுவர் பார்க்கவில்லை.
மனைவி சனேயிடம் மட்டும் சொன்னான், போனில்,
அவளுக்கு விடிகாலை மூன்று மணி.
"பந்து உள்ளே போச்சா?"
"போச்சு."
"அப்போ என்னைத் தூங்க விடு."

வலது முழங்காலை இரண்டு தடவை அறுத்தார்கள்.
மூன்றாவதற்குக் கிளப்பில் பணமில்லை.

இப்போது முப்பத்து நான்கு வயது.
தொத்தோரியில், கடற்காற்றில், மூன்றாம் டிவிஷன்.
முதுகில் முழுப் பெயர், ஓரெழுத்தும் குறையாமல்.
பெஞ்சில் சாய்ந்திருப்பவனின் முதுகை
யார் படிப்பது?

பாஸ் தவறினால் போலிஷில் திட்டுகிறான்.
பத்தொன்பது வயதுப் பையன்கள்
அர்த்தம் தெரியாமல் அதைப் பொறுக்கிக்கொண்டு
குளியலறையில், பேருந்தில்
மிகவும் மரியாதையாகச் சொல்லிப் பழகுகிறார்கள்.
ஒருவன் கோச்சிடமே சொல்லிவிட்டான்.

எண்பத்து மூன்றாம் நிமிடம்.
பலகையில் அவன் எண்.
மழை.
கோட்டருகே குனிகிறான்.
இங்கே எல்லோரும் குனிகிறவர்கள்தான்,
யாரும் கவனிக்கவில்லை.
அந்தச் சிரிப்புக்காக
ஒரு நொடி கூடுதலாய் நிற்கிறான்.
பிறகு ஓடுகிறான், இடது ஓரமாக,
முழங்காலைக் கொஞ்சம் தள்ளி வைத்து.