ரயில்வே கேட்

கேட் போட்டால் எமனும் எருமையை நிறுத்தி
டீ குடித்துவிட்டுத்தான் போவான்
என்பார்கள் நீடாமங்கலத்தில்.
அன்றைக்குச் சிக்கியது
வேட்பாளரின் வண்டி.

முன்னால் மன்னார்குடி பஸ்,
பின்னால் வைக்கோல் லாரி.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ்
நிதானமாய் எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தது.
நீலா என் தோளைத் தட்டினாள்:
"ரெக்கார்டு போடு."

நீலா நாகப்பட்டினத்துக்காரி.
நீலாயதாட்சி என்று தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர்
லோக்கல் சேனல் அட்டையில் இடம் போதாமல்
பாதியில் நிற்கிறது.

முதல் கேள்வி கொள்முதல் நிலையம்.
அவருக்கு மடை திறந்தது.
ஈரப்பதம் பதினேழு, கேட்டது இருபத்திரண்டு,
சாக்குத் தட்டுப்பாடு, மூட்டைக்கு இவ்வளவென்று மாமூல்
எல்லாம் விரல்நுனியில்.

இரண்டாம் கேள்வி.
"சார், ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணுமா
சேர்ந்து வாழறவங்க உங்க தொகுதியில இருக்காங்க.
வாடகைக்கு வீடு இல்ல.
ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கு ஒருத்தர்
கையெழுத்துப் போட முடியல.
அவங்க ஓட்டு வேணும்னா
அவங்களுக்கு என்ன சொல்வீங்க?"

சிரித்தார். கெட்டவர் இல்லை.
நீலாவைத் தங்கச்சி என்றார்.
"உங்களுக்கு வாரியம் இருக்கு, செய்வோம்மா.
நீ சொல்ற ஆளுங்க மெட்ராஸ்ல இருப்பாங்க.
நம்ம பக்கம் ஏது?"

அவர் தலைக்குப் பின்னால், வண்டியின் மேல்,
துண்டறிக்கைக் கட்டோடு தியாகேசன்.
ஒன்றிய இளைஞரணி.
ஒன்பது வருஷமாய்
அவன் சட்டையை நானும் என் சட்டையை அவனும்
மாற்றிப் போட்டுக்கொண்டு
ஒரே கடை, ஒரே தையற்காரர் என்று
ஊரை நம்பவைத்திருக்கிறோம்.

லென்ஸின் வளையத்தைத் திருகினேன்.
வேட்பாளர் மங்கினார்.
தியாகேசன் தெளிந்தான்.
மூன்று விநாடி:
மேலுதட்டு மரு, நெற்றி வியர்வை,
கோஷத்தை மறந்த வாய்.
கேமராவை அவன் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தான்.

கூட்ஸ் கிளம்பியது.
நாற்பத்திரண்டு பெட்டி. எண்ணினேன்,
வேறென்ன செய்ய.
கேட் தூக்கியதும்
எல்லாரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள்.

சாயங்காலம் ஓனர் கலியபெருமாள் சொன்னார்:
"கொள்முதல் வரைக்கும் போதும்.
மத்ததப் போட்டா ஒயரை அறுத்துடுவானுங்க."
"அப்ப என் பேரையும் சேர்த்து வெட்டிடுங்க"
என்று நீலா மைக்கை மேசையில் வைத்தாள்.
ஃபேன் சத்தம் கொஞ்ச நேரம்.
"பத்து மணிக்கு மேல போட்டுத் தொலை."

நகைக்கடை விளம்பரத்துக்கும்
யாரோ ஒரு பக்கிரிசாமியின் பதினாறாம் நாளுக்கும் நடுவே
ஓடியது.

முதலில் வந்தது கட்சி ஆபீஸ் போன்.
"ஏன்டா அண்ணன மங்கலா எடுத்த?"
பழைய கேமரா என்றேன்.
இரண்டாவது வலங்கைமான் பக்கம் ஒரு பெண்.
பேர் சொல்லவில்லை.
"அந்தக் கேள்விய மறுபடியும் போடுவீங்களா?
கூட இருக்கறவ கொல்லையில பாத்திரம் தேச்சிட்டிருந்தா.
பார்க்கல."

நீலா ஸ்பீக்கரில் போட்டாள்.
ஓனரும் கேட்டார்.
ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு
வீட்டுக்குப் போனார்.
மறுபடியும் போட்டோம். பதினொன்றரைக்கு.

வாக்குப்பதிவு அன்று பள்ளிக்கூடத்துக்கு அப்பால்,
கோட்டுக்கு வெளியே, புங்கமரத்தடியில்
கட்சி மேசை.
தியாகேசனோடு இன்னும் மூன்று பேர்.
கேட்டுக்குப் பிறகு நாங்கள் பேசவில்லை,
பதினேழு நாள்.
வரிசையில் என் முறை வந்தது.

"பேரு?" என்றான் பக்கத்திலிருந்தவன்
பட்டியலைப் புரட்டியபடி.

தியாகேசன் பட்டியலைத் தொடவில்லை.
பாகம் எண், வரிசை எண்,
அப்பா பேரின் முதலெழுத்து,
எல்லாவற்றையும் மனப்பாடமாய் எழுதிக்
கிழித்துக் கொடுத்தான்.

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள்.
பார்க்கட்டும் என்று
அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

அவன் போட்டிருந்தது
என் ஊதாக் கட்டம் போட்ட சட்டை.