ஏழு மில்லிமீட்டர்

இரண்டு வயது ஆகாத குழந்தையைப்
படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும்.
தலையை நான் பிடிப்பேன்.
காலைத் தாய் பிடிக்க வேண்டும்; பிடிக்க மாட்டாள்.
அழுகிறானே என்பாள்.
அழுகிற பிள்ளை நீளும் என்று பொய் சொல்வேன்.

டோட்டோனிகபான் மலைப்பாதையில்
பேருந்து திரும்பும் இடத்திலிருந்து
பலகையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுகிறேன்,
பதினோரு வருடமாக.
பலகைக்குக் கால் முளைத்துப் போகிறது என்று
பின்னாலிருந்து கத்துவான் கோழிக்கடை பஸ்குவால்.
அவன் மட்டும் என்ன,
கசாப்புக் கட்டைக்கு மேலே
தலை மட்டும்தான் தெரியும்.

எவுலாலியா பாட்ஸ்.
நூற்று நாற்பத்து மூன்று.
பெயர் கேட்டால் எண்ணும் சேர்ந்து வருகிறது, தொழில் தோஷம்.

தலைநகரத்தில் ஒரு மேசையில்
எங்களையெல்லாம் கூட்டி வகுத்து
ஒருத்தியைச் செய்கிறார்கள்.
என்னைவிட நான்கு விரல் உயரமாம் அவள்.
எந்த ஊரிலும் நான் அவளைப் பார்த்ததில்லை.
எந்தக் கிணற்றில் குடித்தாள் என்று
அறிக்கையில் எழுதவில்லை.

கட்டரினா பூம் வீட்டில் ஆறு கோழிகள்.
முட்டைகள் வைக்கோலில் பொதிந்து சந்தைக்குப் போகும்.
பிள்ளைக்கு வாரம் எத்தனை முட்டை என்று
கேட்கச் சொல்கிறது படிவம்.
கேட்டேன்.
"ஒரு முட்டைக்கு எத்தனை மில்லிமீட்டர்?"
கிண்டல் இல்லை. கணக்குதான்.
அந்த முட்டைதான் சோப்பு,
பெரியவளின் நோட்டுப்புத்தகம்,
காப்பித் தோட்டத்துக்குப் போகிற புருஷனின் பஸ் காசு.
பதில் எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் முழுக்க அவள் மகனுக்கு வயிறு போனது.
குழாய் வருகிறது, மூன்று தேர்தலாக வந்துகொண்டே இருக்கிறது.
எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானமாம்.
இல்லை. வயிறு
முதலில் உயிருக்கு எடுத்துவைக்கும்,
மிச்சம் இருந்தால்தான் எலும்புக்கு.

எங்கள் வாகே இப்படி என்கிறான் பஸ்குவால்.
இந்த மண்ணில் சோளம்தான் நெட்டையாகும், நாமில்லை.
நானும் நம்பியிருந்தேன்,
யெசேனியா வரும்வரை.

தக்காளி பறிக்க ஃப்ளோரிடாவுக்குப் போன
என் தங்கையின் மகள்.
தங்கை என்னைவிடக் குட்டை.
பதினாறு வயதில் முதல்முறை வந்தவள்
நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள்.
அதுவரை எங்கள் வாசல் யாரையும் இடித்ததில்லை.
தங்கை ஓடிவந்தாள்.
மகள் நெற்றியை விட்டுவிட்டு
நிலையைத் தடவிப் பார்த்தாள்.

இரவு விளக்கை ஏற்றிப் பலகையை நிறுத்தினேன்.
குதிகால் ஒட்டணும், மோவாயைத் தூக்காதே.
முக்காலியில் ஏறித்தான் எண்ணைப் படித்தேன்.
நூற்று ஐம்பத்தாறு.
அதே இரத்தம்.
பள்ளிக்கூடத்துப் பால், கொதிக்கவைக்காமலே குடிக்கிற தண்ணீர்,
காய்ச்சல் வந்த அன்றே டாக்டர்.

"அங்கே நான்தான் குள்ளம் பெரியம்மா,
போட்டோவில் எப்போதும் முதல் வரிசை."

அந்த நாட்டுச் சராசரியை ஓர் இழை இறக்குகிறாள்.
எங்களோடு நின்றால் ஓர் இழை ஏற்றுவாள்.
எந்த மேசைக்கு இவளைக் கொடுப்பது?
படிவத்தை மடித்து வைத்துவிட்டேன்.

போன வாரம் கட்டரினாவின் மகனுக்கு இரண்டு முடிந்தது.
இனி நிறுத்தி அளக்கலாம்.
நின்றான், பலகையோடு பலகையாக,
அழவில்லை.
எண்ணைப் பார்த்தேன். பழைய அட்டையைப் பார்த்தேன்.
மறுபடி பார்த்தேன்.

"குறைஞ்சிட்டானா?"

"நிற்கிறான், அதனால்தான்.
படுத்திருப்பதைவிட நின்றால்
ஏழு மில்லிமீட்டர் குறையும், எல்லோருக்கும்."

பொய்யில்லை.
ஆனால் மூன்று மாதமாக அவன் சேர்த்தது
அந்த ஏழுக்கே பற்றவில்லை என்பதை
நான் சொல்லவில்லை.

எழுந்து நிற்கிறான் என்ற மட்டில் அவளுக்குச் சந்தோஷம்.
வழிக்கு வைத்துக்கொள் என்று
வைக்கோலில் சுற்றி இரண்டு முட்டை தந்தாள்,
ஒன்றில் இன்னும் கோழியின் சூடு.

வேண்டாம் என்றிருக்க வேண்டும்.
மலையிறங்கும் வரை
அது ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்,
உடையாமல் பிடித்தபடி.