குறும்பிவாங்கி

வத்தலக்குண்டு தாண்டி
மலை ஏறத் தொடங்கியதுமே
இடது காது அடைத்துக்கொண்டது.
ஓட்டுநர் ஏதோ சொல்லிச் சிரித்தார்.
நானும் சிரித்துவைத்தேன்.

பூம்பாறையில் பூண்டு பிடுங்கும் பருவம்.
மூக்கு மட்டும் முழுதாக வேலை செய்தது.

கிராம நிர்வாக அலுவலர்
மேசை இழுப்பறையிலிருந்து
ஒரு தீப்பெட்டியை எடுத்து வைத்தார்.
உள்ளே பஞ்சு. பஞ்சின்மேல்
கறுத்துப்போன ஒரு வளையம்,
வளையத்தில் மூன்று:
முள்வாங்கி,
நகத்தடி அழுக்கெடுக்கும் கூர்,
நுனியில் அரைக் குன்றிமணிக்கும் சிறிய குழியோடு
ஒரு குறும்பிவாங்கி.
நான்காவதும் இருந்திருக்கிறது.
அதன் காது மட்டும் அறுந்து
வளையத்தோடு நின்றுவிட்டது.
(கருவி கோக்கும் துளைக்கும்
காது என்றுதானே பெயர்.)

வெள்ளி. பதினொன்றரை கிராம்.
கொடைக்கானல் ஆசாரி தராசில் வைத்து
"செய்கூலி போச்சு, சேதாரம் போச்சு" என்றாராம்.

போன வருஷம் கீழ்மலையில்
எங்கள் குழியிலும் இப்படி ஒன்று வந்தது.
தூரிகையால் துடைத்து,
வடக்கு காட்டும் அம்பைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து,
ஆழம் எத்தனை சென்டிமீட்டர் என்று
நாலு பேர் சண்டை போட்டு எடுத்தோம்.
இதற்குக் குழி எண் இல்லை.
அடுக்கு எண் இல்லை.
விருமாயி கொத்தின கொத்து
எவ்வளவு ஆழமோ அவ்வளவு.

"பூண்டு வேரோட சேர்ந்து வந்துச்சு சார்.
கொலுசு அறுந்து கெடக்குன்னு நெனச்சேன்."
புளி போட்டு விளக்கினீர்களா?
"ஒரு ஓரம்."
பேனாவை மூடிவிட்டுத் திறந்தேன்.
"ஒரே ஒரு தடவ உபயோகிச்சுட்டேன்."
எதை?
உள்ளங்கையை விரித்தாள்.
கட்டைவிரல் மேட்டில் ஒரு சிவப்புப் புள்ளி,
ஆறிக்கொண்டிருந்தது.
"ரெண்டு நாளா உள்ள கெடந்த முள்ளு.
ஊக்குக்கு வரல.
இதுக்கு வந்துருச்சு."

படிவத்தில் ஒரு கட்டம்:
பயன்பாட்டில் இருந்த காலம்.
தோராயமாகப் பதினெட்டாம் நூற்றாண்டு என்று எழுதி,
கொஞ்சம் யோசித்து,
போன வியாழக்கிழமை வரை
என்று சேர்த்தேன்.
மேலதிகாரி சிவப்பு மையில் அடிப்பார்.
அடிக்கட்டும்.

அடுத்த கட்டம்: யாருடையது.
அதை வெறுமையாக விட்டேன்.
ஆனால் எனக்குத் தெரியும்,
கீழேயிருந்து வந்த ஆள்.
உப்பு மூட்டைக்கோ வரிக்கணக்குக்கோ
மட்டக்குதிரைக்குப் பின்னால் ஏறி வந்து,
பாதி மலையில் காது அடைத்து,
பாறைமேல் உட்கார்ந்து
இடுப்பிலிருந்து இதை எடுத்துக்
குடைந்திருக்கிறான்.
வந்திருக்காது.
இன்னொரு காது. வந்திருக்காது.
அடைத்தது குறும்பி இல்லையடா, மலை
என்று சொல்ல
பக்கத்தில் ஆளில்லை.
இருந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்காது.

குறும்பிவாங்கியின் குழியில்
பழுப்பாக ஒரு துணுக்கு ஒட்டியிருக்கிறது.
மண்ணாக இருக்கலாம்.
சோதனைக்கு அனுப்பினால்
வெள்ளி விலையைவிடச் செலவு.

"எனக்கு என்ன வரும்?"
சட்டத்தைச் சொன்னேன்.
பத்து ரூபாய்க்கு மேல் பெறுகிற புதையல்
கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்,
அவர் விசாரித்து முடிவு செய்வார்.
"பத்து ரூவாய்க்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"
வலப்புறம் நின்று கேட்டாள், அது கேட்டது.
பிறகு ரசீதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்தபடி
இடப்புறமாக நடந்துபோய்
வாசலில் திரும்பி இன்னும் ஏதோ சொன்னாள்.
நிர்வாக அலுவலர் தலையைக் குனிந்துகொண்டார்.
நான், வழக்கம்போல, சிரித்துவைத்தேன்.

இறங்கும்போது
ஊத்துக்கு அருகே ஜீப் குலுங்கியதில்
பட்டென்று காது திறந்தது.
பிரேக், ஆரன், ஓடைத் தண்ணீர்,
ஓட்டுநரின் வாயில் வெற்றிலை
எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன.
அவற்றுக்கும் அடியில்,
பஞ்சையும் மீறி,
மடியிலிருந்த தீப்பெட்டிக்குள்
மூன்றும் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம்.
பூம்பாறையிலிருந்தே
தட்டிக்கொண்டுதான் வந்திருக்கும்.

"அந்தம்மா வாசல்ல என்ன சொன்னாங்க?"
ஓட்டுநரைக் கேட்டேன்.
அவர் வெளியே எச்சில் துப்பிவிட்டு,
"எனக்கும் காது அடைப்பு சார்" என்றார்.