காத்திருப்புக் காலம்

திருத்துறைப்பூண்டியில் பூச்சிமருந்துக் கடையொன்றில்
பில் போடுகிறவள் நான்.
சிவப்பு முக்கோணம், மஞ்சள், நீலம், பச்சை –
எந்தப் புட்டியில் எதுவென்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
அடித்தபின் எத்தனை நாள் பொறுக்க வேண்டுமென்று
லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும்.
யாரும் படிப்பதில்லை.
கூட்டமில்லாத மத்தியானங்களில் நான் படிப்பேன்.

மாடிவீட்டு பேங்க் ஆபீசர் ஓசூருக்கு மாற்றலானபோது
அவர் மகள் கூண்டோடு கொடுத்துவிட்டுப் போனாள்.
கினிப்பன்றி இரண்டு.
"ரெண்டும் பொண்ணுதான் ஆன்ட்டி,
கடைக்காரர் சொன்னார்."
ஒன்று பிஸ்கோத்து. மற்றது ராணி.
வைகாசி முடிவதற்குள் பிஸ்கோத்து
இருபுறமும் பொதி கட்டியதுபோல் அகன்றது.
ராணி ராஜா என்று தெரிந்தது.

"உடனே பிரிச்சு வைங்க.
பெத்த அன்னிக்கே மறுபடி சேரும்" என்றார்
கால்நடை ஆஸ்பத்திரி மரியசூசை, தரையைப் பார்த்தபடி.
அறுபத்தைந்து நாள், கூடக்குறைய.
தூக்கக் கூடாது. சத்தம் ஆகாது.
வெயில் ஆகவே ஆகாது.
"தினம் புல்லு வேணும். மருந்தடிக்காத புல்லு" என்றவர்
கையிலிருந்த என் கடைப் பையைப் பார்த்து
நிறுத்திக்கொண்டார்.

அன்றிரவு கடன் நோட்டைப் புரட்டினேன்.
கட்டிமேடு கலியமூர்த்தி:
செவ்வாயன்று களைக்கொல்லி, வரப்புக்கும் சேர்த்து.
அவர் மச்சான்: அதே, இரண்டு லிட்டர்.
வாய்க்கால் கரைக்குப் பஞ்சாயத்தே வாங்கிப்போயிருந்தது.
எல்லாம் என் கையெழுத்து.
ஒரேயொரு பக்கம் இரண்டு வருஷமாய்ச் சும்மா கிடந்தது:
ஆலத்தம்பாடி சிங்காரவடிவேல்.
பழைய பாக்கி நாலாயிரத்து நூற்றுப் பத்து.

ஸ்கூட்டியைப் பார்த்ததும் வைக்கோல்போருக்குப் பின்னால் போனார்.
"பாக்கிக்கு வரலைங்க, புல்லுக்கு வந்தேன்."
மெல்ல வெளியே வந்தார்.
"சினைமாடா?"
இரு உள்ளங்கையால் அளவு காட்டினேன்.
சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு.
கடைமடை. தண்ணீர் எட்டிப்பார்க்காத நிலம்
வெடித்துக் கிடந்தது, வெடிப்பெல்லாம் அருகு.
குந்தி உட்கார்ந்து இளசாய்ப் பார்த்து அறுத்தார்.
"ஒண்ணும் அடிக்கலம்மா இதுல.
அடிக்க என்ன இருக்கு?"

கடையில் மலைபோல் அட்டைப்பெட்டி, ஒன்றும் உதவாது.
ஜவுளிக்கடையில் கெஞ்சி ஒரு சேலைப் பெட்டி வாங்கினேன்.
வாசல் வெட்டினேன். பக்கத்தில் பானையைச் சாய்த்து,
மேலே நனைந்த சாக்கு.
கையை இரண்டு தரம் சோப்பு, ஒரு தரம் புளி.
மோந்து பார்த்து, மறுபடி சோப்பு.
பேசினில் அதுவாக ஏறி உட்கார்ந்தால்
தராசில் வைப்பேன். ஒரு கீற்று நெல்லிக்காய் கூலி.
ஐம்பதாம் நாள் விரலுக்கடியில்
தேங்காய்க்குள் தண்ணீர் புரள்வதுபோல
யாரோ புரண்டார்கள்.

அறுபத்தேழாம் நாள் மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர்
நேரே என் ஜன்னலைப் பார்த்து.
அவர்களிடம் போய் என்ன சொல்வேன்?
ஒன்பதரைக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
ஊரே மின்வாரியத்தைத் திட்ட,
நான் ஒருத்தி கும்பிட்டேன்.
துப்பட்டா மூடிய செல்போன் வெளிச்சத்தில்
ஒன்று. நக்கித் துவட்டினாள். இரண்டு.
மூன்றாவது சவ்வோடு அப்படியே கிடந்தது.
அவள் முன்னதிலேயே மும்முரம்.
பில் புத்தகம் கிழிக்கிற இந்த நகத்தால்
மூக்கருகே கிழித்துவிட்டேன்.
தும்மியது.

கண் திறந்து, பல்லோடு, முடியோடு,
வேலைக்கு வந்த ஆள்போலப் பிறந்திருந்தன மூன்றும்.
விடிந்தபோது ஒன்று
தன்னைவிட நீளமான அருகை இழுத்துக்கொண்டிருந்தது.

மறுவாரம் சிங்காரவடிவேல் கடைக்கு வந்தார்.
காலில் சேறு.
"தண்ணி வந்துருச்சும்மா. எத்தனை குட்டி?"
"மூணு."
"அருகு வேரோடிக் கெடக்கு.
எது நல்லாக் கேக்கும்?"
எடுத்துக் கொடுத்தேன். பில் போட்டேன்.
வாழ்நாளில் முதல்முறையாக
ஒருவருக்கு லேபிளை வாய்விட்டுப் படித்தேன்.
பொறுமையாகக் கேட்டார்.

"எப்ப அடிக்கிறீங்க?"
"வெள்ளிக்கிழமை."

வியாழன் விடியலில்
இரண்டு சாக்கோடு போனேன்.
மாடியில் காயப்போட்டால்
ஐப்பசிவரை வரும்.